பதினேழாவது பதிவு

சில்லறைக்கு முதல் பல் விழுந்த அன்று சாயங்காலம், அவள் அம்மாவின் ஃபோன் தனக்குள் இருந்த மெமரி கார்டை யாரென்றே தெரியாது என்று சொல்லிவிட்டது.

சில்லறை என்பது அந்த ஆறு வயதுக்காரியின் பள்ளிக்கூடப் பெயரல்ல. அவள் அம்மா பஸ் கண்டக்டர். பிரசவ அறையில் குழந்தையைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தபோது, "நாள் பூரா வலிச்சதுக்கு இந்தச் சில்லறைதான் மிச்சமா?" என்று நர்ஸைப் பார்த்துக் கேட்டாள். பக்கத்துக் கட்டில்காரி சிரித்தாள். வராந்தாவின் கோடியில் நின்றிருந்த அப்பாவுக்கும் கேட்டது. நடுவில் இரண்டு கதவுகள் சாத்தியிருந்தன.

அப்படிப்பட்ட குரல். "படியில என்ன துணியா காயுது? உள்ள போங்க, உள்ள ஊரே காலியா கெடக்கு!" என்று அவள் பின்படியில் நின்று சொன்னால் முன்படிக்காரர்கள் நகர்வார்கள். தன் வண்டிக்கு ஹாரனே வேண்டாம் என்று டிரைவர் டிப்போவில் சொல்லிக்கொண்டிருந்தார்.

பதினான்கு மாதங்களுக்கு முன் அவள் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. குரல்வளையை எடுத்தால் ஆள் பிழைப்பாள் என்றார் டாக்டர். ஆபரேஷன் தேதிக்குப் பதினோரு நாள் இருந்தது. அந்தப் பதினோரு நாளும் அவள் தெருச்சத்தம் கேட்காமல் இருக்கப் போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு தன் ஃபோனில் பேசினாள். அறுபத்தொரு பதிவுகள், எல்லாம் மெமரி கார்டில். எது எப்போது கேட்க வேண்டியது என்று ஒரு பழைய டிரிப் நோட்டில் எழுதினாள். 4: காய்ச்சல் வந்தால். 9: பள்ளிக்கூடத்தில் யாராவது அடித்தால். 17: முதல் பல் விழும்போது. 23: கணக்கில் பெயில் ஆனால். 31: அப்பா மேல் கோபம் வந்தால். இதுதான் இருப்பதிலேயே நீளம், பதினான்கு நிமிடம். 58: யாரையாவது பிடித்துப்போனால். 61: சும்மா.

நேரம் வருவதற்கு முன் யாரும் எதையும் கேட்கக் கூடாது என்பது சட்டம். அதை அவள் ஆபரேஷன் அறைக்குள் போகும்போதும் சொன்னாள். அவள் பேசிய கடைசி வாக்கியம், "முப்பத்தொண்ணை நீங்க திருட்டுத்தனமா கேட்டீங்கன்னா வந்து வெச்சுக்கறேன்." கணவர் கேட்கவில்லை. அவர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவர். ஒரு மயிரிழை கூடினாலோ குறைந்தாலோ யாருக்கோ தலை வலிக்கும் என்று தெரிந்தவர். சொன்ன அளவை மீறமாட்டார்.

அதற்குப் பிறகு அவள் கழுத்தில் ஒரு சின்னத் துளை வழியாக மூச்சுவிட்டாள். அதன் மேல் ஒரு மெல்லிய துணி தொங்கும். தொண்டையில் அழுத்தினால் பேச்சு வரும் என்று ஆஸ்பத்திரியில் ஒரு கருவி கொடுத்தார்கள். அதில் அவள் முதல் முறை "சில்லறை" என்று கூப்பிட்டபோது குழந்தை கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொண்டது. கருவி அலமாரிக்குப் போனது. வீட்டில் எழுத ஒரு சிலேட்டும், மற்றதற்கெல்லாம் விரலில் இருந்த மோதிரமும் போதுமாக இருந்தன. பஸ் கம்பியில் தட்டிய பழக்கம். கதவு நிலையில் ஒரு தட்டு என்றால் நில். இரண்டு தட்டு என்றால் போகலாம்.

பல்லைச் சில்லறை ஒரு லென்ஸ் உறையில் போட்டு வைத்தாள். உறையில் 'வலது', 'இடது' என்று அச்சடித்திருந்த இடத்தில், வலதுக்கு எதிரே 'பல்' என்றும் இடதுக்கு எதிரே 'இல்லை' என்றும் எழுதினாள். கை கால் கழுவி, தலை வாரி, நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பதினேழு போடுப்பா."

அப்பா ஃபோனைத் திறந்தார். 'ஆதரிக்கப்படாத எஸ்டி கார்டு. அமைப்பதற்குத் தட்டவும்' என்றது ஃபோன். அவர் தட்டவில்லை. அணைத்துப் போட்டார். கார்டை வெளியே எடுத்து, லென்ஸ் துடைக்கும் துணியால் துடைத்து, மறுபடி செருகினார். ஆதரிக்கப்படவில்லை.

"அம்மா அதுக்குள்ளதானே இருக்கா?" என்றாள் சில்லறை.

பக்கத்தில் நின்றிருந்த அம்மா தன்னைத்தானே விரலால் சுட்டிக்காட்டினாள், நான் இங்கே இருக்கிறேன் என்று.

"நீ இல்லம்மா. பேசற அம்மா."

*

மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடிப்படிக்குக் கீழே ஒருவர் ஃபோன் பழுது பார்ப்பார். எப்போதும் வாயில் ஒரு ஊசியைக் கடித்துக்கொண்டிருப்பதால் அவருக்கு ஊசி என்று பெயர். அவர் கார்டைத் தன் மெஷினில் போட்டார், எடுத்தார், கண்டக்டரைப் பார்த்தார்.

"அக்கா, இந்த கார்டு போட்ட புதுசுல, 'இதை ஃபோனோட மெமரியாவே சேத்துக்கவா'ன்னு ஃபோன் கேட்டுச்சா?"

அவள் சிலேட்டில் எழுதினாள்: 'ஆமாம். சரி கொடுத்தேன். பரிந்துரைக்கப்படுகிறது என்று போட்டிருந்தது.'

"போச்சு போங்க. பரிந்துரைக்கறவன் பக்கத்துலயா இருக்கான்? அப்படி அமுக்கினா, கார்டுல இருக்கறதை எல்லாம் ஃபோன் பூட்டி வெச்சிரும். சாவி ஃபோனுக்குள்ள. வேற எந்த மெஷின்ல போட்டாலும் இந்தக் கார்டு வெறும் கட்டாந்தரை. போன வாரம் ஏதாவது அப்டேட் ஏறுச்சா?"

ஏறியது என்று கணவர் தலையாட்டினார்.

"அப்ப அதுதான். வீடு மாத்தினவன் மாதிரி, சாவியை எங்கயோ வெச்சிட்டு இப்ப தேடுது. சாவி இருக்கு, கவலைப்படாதீங்க. கம்பெனி சேவை மையத்துல அதைச் சரி பண்ற அப்டேட் வெச்சிருப்பாங்க. ஏத்தினா அஞ்சு நிமிஷம்." ஊசியை வாயிலிருந்து எடுத்தார். அவர் ஊசியை எடுத்துவிட்டுப் பேசி யாரும் பார்த்ததில்லை. "ஒண்ணு மட்டும்ணே. யாரையும் ரீசெட் பண்ண மட்டும் விட்ராதீங்க. பண்ணா சாவி அழிஞ்சிரும். அப்புறம் அந்தக் கம்பெனிக்காரனே வந்து அழுதாலும் தொறக்காது."

*

சேவை மையம் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. சுவரில் ஆள் உயர எழுத்தில் 'உங்கள் நினைவுகள், எங்கள் பொறுப்பு' என்று எழுதியிருந்தது. பதினான்கு கவுண்ட்டர்களில் மூன்றில் ஆட்கள் இருந்தார்கள். மற்ற பதினொன்றிலும் புன்னகைக்கும் ஆட்களின் படங்கள் இருந்தன. தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பக்கத்தில் போனால் படங்கள்தான் கொஞ்சம் உயிரோடு இருப்பதுபோலத் தோன்றும்.

வாசல் காவலாளி லென்ஸ்காரரை நிறுத்தினார்.

"என்ன பிரச்சினை?"

"மெமரி கார்டு தெரியலைங்க."

"எடுத்துத் துடைச்சு மறுபடி போட்டீங்களா?"

"போட்டேன்."

"என் முன்னாடி போடுங்க."

போட்டார். தெரியவில்லை. காவலாளி ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு உள்ளே விட்டார். டோக்கன் கொடுத்த பெண் அதையே கேட்டாள். அவள் முன்னிலையிலும் எடுத்து, துடைத்து, போட்டார். முதல் கவுண்ட்டர் இளைஞன் முன்னிலையிலும். அவனுடைய மேற்பார்வையாளர் முன்னிலையிலும். ஒவ்வொருவரும் தன் கண்ணால் பார்த்த தோல்வியை மட்டுமே நம்பலாம் என்பது மையத்தின் விதி. அந்தக் கார்டு அதன் ஆயுளில் செய்யாத பயணத்தை அன்று ஒரே காலையில் செய்தது.

"சரி சார், கார்டு தெரியலைன்னு உறுதி ஆயிடுச்சு" என்றார் மேற்பார்வையாளர், நல்ல சேதி சொல்வதுபோல. "இப்ப ஃபோன் யார் பேர்ல இருக்கு?"

"என் மனைவி பேர்ல."

"அப்ப அவங்க குரலைச் சரிபார்க்கணும். வாங்கும்போது பதிவு பண்ணியிருப்பாங்க. ஹெல்ப்லைனுக்குக் கூப்பிட்டு, 'இந்தக் கைபேசி என்னுடையது'ன்னு அவங்க சொன்னா போதும். சொன்ன உடனே வேலை ஆரம்பம்."

 லென்ஸ்காரர் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டி விஷயத்தைச் சொன்னார். மேற்பார்வையாளர் மிகவும் வருந்தினார். வருத்தம் தெரிவிக்க ஒரு வாக்கியம் அவர் திரையில் இருந்தது. அதை இரண்டு முறை வாசித்தார்.

"எழுதிக் கொடுத்தா ஆகாதுங்களா? அவங்க நல்லா எழுதுவாங்க."

"எழுத்தை யார் வேணாலும் எழுதலாம் சார். குரல் ஒருத்தருக்கு ஒண்ணுதான். அதான் அதோட மதிப்பு."

"அவங்க குரல் இப்ப இந்தக் கார்டுக்குள்ள மட்டும்தாங்க இருக்கு."

மேற்பார்வையாளரின் முகம் மலர்ந்தது. "அட, முதல்லயே சொல்லக் கூடாதா? அப்ப கார்டுல இருந்து ஒரு சாம்பிள் எடுத்துட்டு வந்துடுங்க. அஞ்சு நிமிஷ வேலை."

மறுநாள் கண்டக்டர் தானே வந்தாள். அலமாரியிலிருந்து அந்தக் கருவியையும் எடுத்துக்கொண்டு வந்தாள். ஒரு வருடத்துக்கு மேலாக யாருக்காகவும் அதைத் தொடாதவள், கவுண்ட்டரில் நின்று ஹெல்ப்லைனை அழைத்து, கருவியைத் தொண்டையில் அழுத்தி, "இந்தக் கைபேசி என்னுடையது" என்று ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். தகரத்துக்குள் வண்டு சுற்றுவது போன்ற சத்தம். காத்திருந்த கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

ஹெல்ப்லைனில் இருந்த பதிவுக்குரல் இனிமையாகப் பதில் சொன்னது: "மன்னிக்கவும். நீங்கள் ஓர் இயந்திரம் போலத் தெரிகிறது. இயந்திரங்களுடன் உரையாட எங்களுக்கு அனுமதி இல்லை."

அவள் கருவியைப் பைக்குள் வைத்தாள். சிலேட்டை எடுத்து எழுதிக் கணவரிடம் காட்டினாள்: 'அது மட்டும் என்னவாம்?'

*

அன்று முதல் சில்லறை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக் கழற்றுவதற்கு முன் "கெடச்சுதா?" என்று கேட்பாள். இல்லை என்றால் லென்ஸ் உறையைத் திறந்து பல் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்து மூடுவாள். ஒருநாள் அப்பாவிடம் ரகசியமாகக் கேட்டாள்.

"அம்மா என்னை எப்படிக் கூப்பிடுவா? சில்ல...றைன்னு நீட்டுவாளா, சில்லறேன்னு வெட்டுவாளா?"

அவர் கூப்பிட்டுக் காட்டினார். அது அவருடைய குரலாகவே இருந்தது. "அப்படி இல்லப்பா" என்றாள் சில்லறை. எப்படி என்று அவளாலும் சொல்ல முடியவில்லை.

மையத்தில் குரல் இல்லாததற்கும் ஒரு வழி இருந்தது. எல்லாவற்றுக்கும் அவர்களிடம் ஒரு வழி இருந்தது. குரல் இல்லாதவர் குரலின்மைச் சான்றிதழ் கொண்டுவந்தால் குரலிலிருந்து விலக்கு கிடைக்கும். லென்ஸ்காரர் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் நின்று அதை வாங்கினார். அது ஆறு மாதம் மட்டுமே செல்லும். குரல்வளை திரும்ப முளைத்துவிட்டால் என்ன செய்வது என்ற முன்யோசனை. சான்றிதழைப் பார்த்த மையம், அதில் எழுதியிருப்பது உண்மைதானா என்று நேரில் காண ஒரு குழுவைக் கூட்டியது.

குழுவில் மூன்று பேர். சட்டப் பிரிவு அதிகாரி, வாடிக்கையாளர் மகிழ்ச்சிப் பிரிவு அதிகாரி, ஒலித் தரப் பிரிவிலிருந்து பெரிய ஹெட்ஃபோன் மாட்டிய ஒருவர். நீளமான மேசைமேல் ஒரு மைக் இருந்தது.

"பதட்டப்படாதீங்கம்மா" என்றார் மகிழ்ச்சி அதிகாரி. "நீங்க பேசணும்னு நாங்க எதிர்பார்க்கல. பேச முடியலைங்கறதை மட்டும் எங்களுக்குத் தெளிவா செஞ்சு காட்டணும். உங்களுக்குப் பிடிச்ச எந்த வாக்கியமா இருந்தாலும் சரி. கட்டாயமே இல்ல."

கண்டக்டர் எழுந்தாள். எதிரில் இருந்த நாற்காலியின் முதுகைப் பஸ் கம்பியைப் பிடிப்பதுபோல ஒரு கையால் பிடித்தாள். வாயைத் திறந்தாள். உதடுகள் அசைவதை வைத்துக் கணவருக்கு மட்டும் தெரிந்தது: உள்ள போங்க, உள்ள ஊரே காலியா கெடக்கு. கழுத்துத் துணி ஒருமுறை உப்பி அடங்கியது. ஏசி ஓடும் சத்தம் கேட்டது.

"இன்னொரு தடவை. கொஞ்சம் சத்தமா" என்றார் ஒலித் தரக்காரர்.

அவள் செய்தாள். கழுத்து நரம்புகள் புடைத்தன.

ஒலித் தரக்காரர் தன் முன்னால் இருந்த மீட்டரின் முள்ளைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். "சுத்தமா ஒண்ணும் இல்லன்னு சொல்லிட முடியாது. மூச்சு வருது."

"மூச்சைக் குரல்னு எடுத்துக்கலாமா?" என்றார் மகிழ்ச்சி அதிகாரி.

"எடுத்துக்கிட்டா, நம்ம பழைய பதிவோட அது ஒத்துப்போகணும்" என்றார் சட்ட அதிகாரி. "போகலைன்னா ஆள்மாறாட்டம் ஆயிடும். எதுக்கும் ஒப்பிட்டுப் பாத்துடுங்க."

ஒலித் தரக்காரர் ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினார். ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது; அந்த மையத்தில் அவர்கள் பார்த்த ஒரே நிஜமான சிரிப்பு.

"என்னா குரல் சார்! கணீர்னு இருக்கு. 'இந்தக் கைபேசி என்னுடையது'ன்னு சொல்லிட்டு, 'போதுமா, இல்ல பாடிக் காட்டணுமா?'ன்னு வேற கேக்கறாங்க."

லென்ஸ்காரர் எழுந்து நின்றுவிட்டார். மூன்று வருடத்துக்கு முன் ஃபோன் வாங்கிய அன்று கடையில் அவள் சொன்னது. கடைக்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவருக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் அந்தக் குரலின் சத்தம் ஞாபகம் இல்லை.

"அதை ஒரே ஒரு தடவை கேக்கக் குடுங்க. ரெண்டு செகண்டுங்க. ஹெட்ஃபோனை அப்படியே என் காதுல வெச்சிட்டு எடுத்துக்கோங்க."

"அது வாடிக்கையாளர் அந்தரங்கம் சார்" என்றார் சட்ட அதிகாரி.

"வாடிக்கையாளர் இதோ நிக்கிறாங்களே."

"கேக்கறது அவங்கதான்னு எப்படித் தெரியும்? குரல் சரிபார்த்தாத்தானே?"

கண்டக்டர் கணவரின் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். பிறகு, யாரும் கேட்காமலே, எழுந்து மூன்றாம் முறையும் முயன்றாள். இம்முறை துணிகூட அசையவில்லை. குழு திருப்தியடைந்தது. குறிப்பேட்டில் சட்ட அதிகாரி உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினார்: "மூன்று முயற்சிகள். மூன்றும் திருப்திகரமான தோல்வி. விலக்கு அளிக்கலாம்."

மகிழ்ச்சி அதிகாரி எழுந்து கைகுலுக்கினார். "வாழ்த்துகள்மா."

*

ஃபோனை ஒப்படைக்கும் நாளில் லென்ஸ்காரர் கடையிலிருந்து சிவப்பு மார்க்கர் பேனாவைக் கொண்டுபோனார். லென்ஸில் தவறக் கூடாத புள்ளியைக் குறிக்கும் பேனா அது. படிவத்தில் 'வாடிக்கையாளரின் சிறப்பு வேண்டுகோள்' என்ற கட்டம் முழுக்க, 'எந்தக் காரணத்துக்காகவும் ரீசெட் செய்யக் கூடாது' என்று எழுதினார். கவுண்ட்டர் இளைஞனை அதை வாய்விட்டு வாசிக்கச் சொன்னார். அவன் வாசித்தான். மேற்பார்வையாளரும் வாசித்தார். அதன் மேல் 'ஏற்கப்பட்டது' என்று முத்திரை குத்தினார்கள்.

"எங்க டெக்னீஷியன் இதைப் படிக்காம ஃபோன்மேல விரல்கூட வைக்கமாட்டார் சார். வாடிக்கையாளர் சொல்தான் எங்களுக்கு வேதம்."

ஃபோன் ஒரு தட்டில் வைக்கப்பட்டது. படிவம் வேறொரு தட்டில் வைக்கப்பட்டது. படிவத்தில் முகவரி போன்ற சொந்த விவரங்கள் இருப்பதால் அது ஃபோனோடு சேர்ந்து பயணிக்கக் கூடாது என்பது விதி. படிவத்தட்டு படிக்கட்டு வழியாகப் போனது. ஃபோன்தட்டு ஒரு சின்னத் திரைச்சீலைக்குப் பின்னால் போனது. திரைச்சீலைமேல் 'அந்தரங்கக் காப்பு மேசை' என்று எழுதியிருந்தது. பின்னால் ஒரு பெண் மெல்லிய குரலில் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி வேலை செய்வது கேட்டது. நல்ல உற்சாகமான பெண் என்று லென்ஸ்காரர் நினைத்துக்கொண்டார்.

நாற்பது நிமிடம் கழித்துக் கூப்பிட்டார்கள். மைய மேலாளரே வந்திருந்தார். கடினமான வழக்குகள் முடியும்போது அவர் நேரில் வந்து கொடுப்பது வழக்கம்.

"சார், மேடம், உங்க கார்டு தொறந்துடுச்சு."

லென்ஸ்காரர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். மேலாளர் ஃபோனை அவர்கள் பக்கம் திருப்பினார். எச்சரிக்கை இல்லை. கார்டின் படம் பச்சையாக இருந்தது. அதன் கீழே எழுதியிருந்தது: '64 ஜிபி. முழுவதும் காலி.'

"பதிவெல்லாம் எங்கங்க?"

"எந்தப் பதிவு சார்?"

"உள்ள இருந்தது. அறுபத்தொண்ணு."

மேலாளர் பெருந்தன்மையாகச் சிரித்தார். "அதைத்தான் சொல்ல வந்தேன். ஒரு ஃபோன்ல மனுஷனோட வாழ்க்கையே இருக்கு சார். படம், பேச்சு, வீட்டு விஷயம். எங்க பசங்க கண்ணுல அது பட்டுட்டா உங்களுக்கு எவ்வளவு சங்கடம்? அதனால டெக்னீஷியன் கைக்குப் போறதுக்கு முன்னாடியே அந்தத் திரைக்குப் பின்னால எல்லாத்தையும் அழிச்சிடுவோம். பத்து வருஷமா ஒரு வாடிக்கையாளரோட ஒரே ஒரு நினைவுகூட இந்தக் கட்டடத்துக்குள்ள நுழைஞ்சதில்ல. பெருமைக்குச் சொல்லல."

"ரீசெட் பண்ணக் கூடாதுன்னு எழுதியிருந்தேனே." லென்ஸ்காரரின் குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "வாசிச்சீங்களே. முத்திரை குத்தினீங்களே."

"பண்ணவே இல்ல சார்!" மேலாளர் உண்மையாகவே புண்பட்டார். படிவத்தை எடுத்துக் காட்டினார். "பாருங்க, டெக்னீஷியன் கையெழுத்து. 'வேண்டுகோள் மதிக்கப்பட்டது, ரீசெட் செய்யப்படவில்லை.' அவர்கிட்ட வந்தப்பவே காலிதான். கார்டு மட்டும் பூட்டியிருந்துச்சு. சாவியும் இல்ல. அதான் புதுசா அமைச்சுக் குடுத்துட்டார். உங்க பிரச்சினை கார்டு தொறக்கலைங்கறதுதானே? இப்ப எவ்வளவு ஜோரா தொறக்குது பாருங்க. நீங்களே எடுத்துத் துடைச்சு மறுபடி போட்டுப் பாருங்க."

லென்ஸ்காரர் அந்த வாக்கியத்தை அதுவரை பதினேழு முறையாவது கேட்டிருப்பார். அன்றுதான் முதல்முறையாகக் கார்டை எடுக்கவில்லை.  என்ன சொன்னாலும் அதற்கு ஒரு கட்டமும் ஒரு முத்திரையும் இருக்கும் என்று அவருக்குத் தெரிந்தது.

கண்டக்டர் திரையில் இருந்த அந்த வரியை வெகுநேரம் பார்த்தாள். எத்தனையோ முறை கடைசி நிறுத்தத்தில் காலிப் பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தவள். பிறகு கவுண்ட்டர் கண்ணாடியில் மோதிரத்தால் இரண்டு முறை தட்டினாள்.

போகலாம்.

*

வீட்டு வாசலில் சில்லறை நின்றிருந்தாள்.

"கெடச்சுதா?"

"கார்டு தொறந்துடுச்சுடா" என்றார் அப்பா. அது பொய்யில்லை என்பதுதான் அவருக்கு அசிங்கமாக இருந்தது.

அவள் உள்ளே ஓடி லென்ஸ் உறையை எடுத்துவந்து, தலை வாரி, நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்பா ஃபோனை மேசைமேல் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். சிலேட்டை எடுத்தாள். கார்டு போனால் என்ன, பேசியவள் இருக்கிறாளே, எழுதிவிடலாம். 'பதினேழு' என்று எழுதி அடிக்கோடு போட்டாள். கீழே, 'என் சில்லறைக்கு' என்று எழுதினாள். பலப்பம் அங்கேயே நின்றது.

பதினோரு நாளில் அறுபத்தொன்று. போர்வைக்குள் வியர்த்துக்கொண்டு, மாத்திரை மயக்கத்தில், ஒன்று முடிந்ததும் அடுத்தது என்று பேசித் தள்ளியது. பதினேழின் நடுவில் வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்ததும், தான் சிரித்ததும் ஞாபகம் இருந்தது. எதற்கு நடுவில் சிரித்தாள் என்பது ஞாபகம் இல்லை. மறந்தால் என்ன, அதில்தான் இருக்கிறதே என்று நம்பி மறந்திருந்தாள்.

எழுதியதைத் துணியால் துடைத்தாள். மறுபடி ஒரே ஒரு சொல்லை எழுதிக் காட்டினாள்.

சில்லறை இப்போதுதான் எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகியிருந்தாள். "ம... ற... ந்... து..." பாதியில் புரிந்துவிட்டது. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அழலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று முடிவு செய்தவளைப்போல, வாயைத் திறந்து கீழ்வரிசையில் ஒரு பல்லை நாக்கால் அசைத்துக் காட்டினாள்.

"பரவால்லம்மா. இது ஆடுது பாரு. இது விழறதுக்குள்ள ஞாபகப்படுத்திக்கோ."

அப்போது ஃபோன் அடித்தது. அப்பா எடுத்தார். அதே இனிமையான பதிவுக்குரல் அறை முழுக்கக் கேட்டது.

"வணக்கம். உங்கள் மெமரி கார்டு சிக்கல் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது. உங்கள் மகிழ்ச்சியை, பீப் ஒலிக்குப் பிறகு, உரிமையாளரின் சொந்தக் குரலில் பகிர்ந்துகொள்ளுங்கள்."

அவர் துண்டிக்கப் போனார். கண்டக்டர் கையை நீட்டினாள். ஃபோனை வாங்கி, கழுத்துத் துணியை விலக்கி, அந்தத் துளைக்கு அருகில் பிடித்தாள். பீப் ஒலித்தது. மூச்சு போய்வந்தது. சில்லறை நாற்காலியிலிருந்து இறங்கி அம்மாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, இப்போது ஏதாவது கேட்கும் என்பதுபோல ஃபோனுக்கருகில் காதை வைத்தாள்.

பதிவு நேரம் முடியும் தருவாயில் கண்டக்டர் மோதிரத்தால் மேசையில் ஒரே ஒரு முறை, மிகவும் பலமாகத் தட்டினாள்.

நில்.

"நன்றி" என்றது பதிவுக்குரல். "உங்கள் குரல், எங்களிடம் ஏற்கெனவே உள்ள உங்கள் பழைய பதிவுடன் சேர்த்து, என்றென்றும் பத்திரமாக வைக்கப்படும்."